போட்டோஸ்டாட் கறுப்பு

ஒரு பெரிய ஓவியரைப் பார்த்து வரைந்து பழகினால் நம்மவர்கள் ‘காப்பி’ என்ற ஒரே சொல்லில் ஆளை முடித்துவிடுவார்கள். 1889-இல் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்த வான்கோ, மில்லேயின் படங்களை வரிசையாகப் பார்த்து வரைந்தார். கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப்படிகள். வண்ணம் முழுக்க அவருடையது. அதை யாரும் காப்பி என்பதில்லை. வான்கோ ஆயிற்றே!

இந்த வருஷம் நான் பார்த்து வரைந்தது வோங் ஹோய் சியோங்கை. 1960-இல் பினாங்கில் பிறந்த மலேசிய ஓவியர். தன் குடும்பக் கதையிலிருந்து தொடங்கி, புலம்பெயர்ந்து வந்தவர்களைப் பற்றி 1994-இல் ஒரு படவரிசை செய்தார். பெரிய பெரிய தாள்களில் கரிக்கோலும் போட்டோஸ்டாட் ஒட்டுகளும் கலந்த உருவப்படங்கள். அதில் ஒன்றின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: மரம் சீவுகிறவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் நடந்த திருமணம். செமோர்க்காரனுக்கு இந்தத் தலைப்பு போதும். வரைந்தவர் சீனர் என்பதும் எனக்கு முக்கியமாகப் பட்டது. பால்மரத்துக்கு நாம் மட்டும்தான் வாரிசு என்பதுபோல எழுதிக்கொண்டிருக்கிறோம், இல்லையா?

முகம் வரைவது பெரிய பாடில்லை. கட்டம் போட்டால் மூக்கும் கண்ணும் இருக்கவேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். நடிகர் முகங்களை இப்படி வரைந்து பரிசு வாங்குகிற பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வோங்கிடம் சிக்கல் வேறு. அச்சில் பார்க்கும்போது எது வரைந்தது, எது ஒட்டியது என்று சட்டென்று பிடிபடாது. இரண்டும் கறுப்பு. வரையத் தொடங்கிய பிறகுதான் கைக்கு வித்தியாசம் தெரியும். கரியின் கறுப்பு விரல் பட்டால் கலையும், தேய்த்தால் சாம்பலாகும், ரொட்டித் துண்டால் ஒற்றினால் வெளிச்சம் வரும். போட்டோஸ்டாட் கறுப்பு அசையாது. அதன்மேல் கரியை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மைதா பசை போட்டால் தாள் சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் கரி தானாகவே போய்ச் சேர்ந்து, நாம் போடாத கோடு ஒன்று விழும். எந்தப் புத்தகத்திலும் இதைப் படிக்க முடியாது. ஒருத்தர் செய்ததைத் திரும்பச் செய்தால்தான் தெரியும்.

வரைவை எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். ஒட்டு அப்படியில்லை. அவர் ஒட்டியதையே நானும் ஒட்டினால் அது நகலின் நகல். என்னுடையதை ஒட்ட வேண்டுமென்றால் முதலில் என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

இங்கே எழுதப்படும் தோட்டத்துக் கதைகளில் எனக்கு உறுத்துவதும் இதுதான். லயம், பெரட்டுக்களம், கள்ளுக்கடை, தண்டல், முனீஸ்வரர் கோயில் எல்லாம் வரிசை மாறாமல் வருகின்றன. எழுதுகிறவருக்கு வயது இருபத்தைந்து. பிறந்தது தாமான் வீட்டில். முன்னோடிகளின் கோடு அச்சு அசலாகக் கையில் வந்திருக்கிறது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு துண்டுத் தாள்கூடக் கதைக்குள் வரவில்லை. செமோர் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தாயிற்று. இடம்பெயர்ந்தபோது என்னென்ன காகிதங்கள் மூட்டைகட்டி வந்தன என்று யாராவது எழுதுங்களேன்.

எங்கள் வீட்டில் கிடைத்தது பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை. வாழ்நாள் முழுக்க இங்கே மரம் சீவியவருக்கு நிரந்தரவாசி என்ற தகுதி. ஐந்து மடங்கு பெரிதாக போட்டோஸ்டாட் எடுத்து, எண்ணை மட்டும் வெட்டிவிட்டு, உருவப்படத்தில் நெஞ்சுப் பகுதியில் ஒட்டினேன். சேலைத் தலைப்பை அதன்மேல் இழுத்துவிடப் பார்த்தேன். கரி பிடிக்கவில்லை. தலைப்பு தோளோடு நிற்கிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.