கழுவினால் தீருமா மண்ணின் கதிரியக்கம்?

கதிரியக்க மாசு படிந்த மண்ணை நீராலும் வேதிக் கரைசல்களாலும் கழுவும் முறை, மாசை அழிப்பதில்லை. நிலமெங்கும் பரவியதைப் பிரித்துச் சிறிய அளவுக்குள் ஒடுக்குகிறது. கதிரியக்கத் தனிமங்கள் பெரும்பாலும் நுண்துகள்களிலேயே ஒட்டுவதால், மண்ணைக் கலக்கி, உரசி, சலித்துப் பிரித்தெடுக்கும் மணலையும் சரளையையும் சோதித்தபின் நிலத்திலேயே இடலாம். மாசு செறிந்த சேறும் கழுவுநீரும் மட்டுமே காவலுக்கு எஞ்சும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில் நேர்ந்த அணுவுலை விபத்துக்குப் பின் ஏறத்தாழ 1.4 கோடி கன மீட்டர் மண் இடைக்காலக் கிடங்கில் குவிந்து, 2045க்குள் அம்மாகாணத்துக்கு வெளியே இறுதியாக அகற்றப்பட வேண்டிய சுமையாக நிற்பதை நோக்கினால், கொள்ளளவைக் குறைப்பதன் அருமை விளங்கும்.

ஆனால் இம்முறையின் வெற்றியைத் தீர்மானிப்பது மண்ணின் இயல்பே. களியும் வண்டலும் மூன்றிலொரு பங்கைத் தாண்டினால், பிரித்தெடுக்க மணல் போதாமல் சேறே மிகுந்துவிடும். மேலும், ஏறத்தாழ 30 ஆண்டு அரை ஆயுள் கொண்ட, அதாவது அக்காலத்தில் பாதியாகத் தேயும் சீசியம்-137, வெர்மிகுலைட் போன்ற அடுக்குக் கனிமங்களின் இடைவெளியில் சிக்கிக்கொண்டால் வெறும் நீருக்கு இளகாது. ஆகவே, தமிழகத்தின் தருமபுரியில் உள்ளதுபோன்ற மணற்பாங்கான செம்மண்ணுக்குப் பொருந்தக்கூடிய கழுவுதல், களி மிகுந்த கரிசலுக்குப் பொருந்தாது. பொருந்தும் இடத்திலும், களியோடு மட்குச் சத்தும் நீங்கிய மணல் கேழ்வரகு விளையும் நிலமாக உடனே மீளாது.

தமிழகத்தில் இதற்கு நெருங்கிய பாடம் கொடைக்கானலில் உள்ளது. 2001இல் மூடப்பட்ட இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை வளாகத்தின் பாதரச மண்ணுக்கு, கழுவுதலும் சூடாக்கி ஆவியாக்குதலும் இணைந்த முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எஞ்சும் அளவு போதுமானதா என்பதே நீண்ட வழக்காயிற்று. பாதரசத்தையாவது ஆவியாக்கி மீட்கலாம். பிரிக்கப்பட்ட சீசியமோ எங்கு வைத்தாலும் கதிர்வீசிக்கொண்டே இருக்கும், அதைத் தணிப்பது காலம் ஒன்றே.

ஆகவே மண்கழுவல் தள்ளத்தக்கதன்று, தனித்து நிற்கத்தக்கதுமன்று. மண்ணின் துகளமைப்பை ஆய்ந்து, எஞ்சக்கூடிய மாசின் வரம்பையும் சேற்றுக்கான காவலிடத்தையும் அந்நிலத்து மக்களுடன் முன்கூட்டியே முடிவு செய்தபின் தொடங்கும் கழுவுதலே துப்புரவு எனத் தகும். மற்றது இடமாற்றம் மட்டுமே.