அருளப்பர் யோவானானபோது

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தின் பழம்பெயர் திருவஹீந்திரபுரம். 'அஹீந்திரன்' என்றால் அரவரசன், ஆதிசேடனைக் குறிப்பது. பேச்சில் தேய்ந்த இன்றைய பெயர் ஊரைக் காட்டுகிறது, ஊரின் கதையைக் காட்டுவதில்லை. விவிலியப் பெயர்கள் பலவும் நமக்கு இந்நிலையிலேயே உள்ளன.

1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், கத்தோலிக்கர் நெடுங்காலம் வழங்கிய அருளப்பரை யோவான் ஆக்கிற்று. திருச்சபைகள் ஒரே நூலை வாசிக்க வேண்டும் என்ற நோக்கை நாம் குறைகூறோம். ஆயினும், 'யோகனான்' என்னும் எபிரேயப் பெயரின் பொருள் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது. அருளப்பர் என்றழைத்த நம் முன்னோர் ஒலியை விட்டுப் பொருளைக் காத்தனர். (சின்னப்பர் அவ்வாறன்று, 'சிறியவர்' எனப் பொருள்படும் 'பவுலுஸ்' என்ற இலத்தீன் பெயரின் தமிழாக்கம் அது.)

இழப்பு எங்கே தெரிகிறது? லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில். செக்கரியா என்றால் 'ஆண்டவர் நினைவுகூர்ந்தார்'. எலிசபெத்து என்பது கடவுளின் ஆணையைச் சுட்டுவதாக அறிஞர் பலர் கொள்வர். நாவு கட்டவிழ்ந்த தந்தை பாடும் பாடலில் 72, 73 ஆம் வசனங்களை நோக்குங்கள்: இரக்கம், நினைவு, ஆணை என மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. மகன், தந்தை, தாய் மூவர் பெயர்களும் அங்கே ஒலிக்கின்றன! பழைய வழக்கிலும் மகன் பெயர் மட்டுமே தமிழ் பேசிற்று; பெற்றோர் பெயர்கள் வாய்திறக்கவில்லை. திருப்புகழ்மாலையில் நாள்தோறும் காலையில் இப்பாடலைச் சொல்வோர்க்கு அவ்வீட்டார் மூவரையும் அறிமுகம் செய்ய, மூன்று வரி அடிக்குறிப்பு போதும்.