ராமன் ராகவ்: இரண்டு படங்களும் ஒரு நடைபாதையும்

'உண்மைக் கொலை வழக்கைத் தழுவியது' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும், நம் வீடுகளில் பாதிப் பேர் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். அதில் தப்பொன்றும் இல்லை. கொலைக்கதை கேட்கும் ஆசை மனிதனுக்குப் பழையது. ஆனால் இத்தகைய படங்களை மதிப்பிட, பயமுறுத்தியதா, கடைசிவரை உட்கார வைத்ததா என்ற இரண்டு கேள்விகள் மட்டும் போதா. இறந்துபோனவர்களை அந்தப் படம் எப்படி நடத்தியது என்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மும்பைத் தமிழர்களாகிய நமக்கு, இதைப் பேச ராமன் ராகவ் வழக்கைவிடப் பொருத்தமானது வேறில்லை.

இளைய தலைமுறைக்காக வழக்கைச் சுருக்கிச் சொல்கிறேன். 1965-66 ஆண்டுகளில், மும்பைப் புறநகரின் ரயில் பாதையை ஒட்டிய பகுதிகளில், நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கியவர்கள் இரவில் தலையில் அடித்துத் தாக்கப்பட்டார்கள். 19 பேர் அடிபட்டு, 9 பேர் இறந்தார்கள். அப்போதே சந்தேகத்தில் பிடிபட்ட ராமன் ராகவைச் சாட்சியம் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். 1968-இல் கொலைகள் மறுபடியும் தொடங்கின. அவ்வாண்டு ஆகஸ்ட் 27 அன்று, சப்-இன்ஸ்பெக்டர் அலெக்ஸ் ஃபியால்ஹோ அவனை அடையாளம் கண்டு கைது செய்தார். ரமாகாந்த் குல்கர்னி தலைமையில் விசாரணை நடந்தது. கோழிக்கறி வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவன் வாய் திறந்தான். 41 கொலைகளை ஒப்புக்கொண்டான். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் தீராத மனநோய் உள்ளவன் என்று மருத்துவர் குழு சொன்னதால், பின்னர் அது ஆயுள் தண்டனையாயிற்று. 1995-இல் புனே சசூன் மருத்துவமனையில் இறந்தான்.

அவனுக்கு வழங்கிய பெயர்களில் அண்ணா, தம்பி, வேலுசாமி என்பவையும் உண்டு. 'நம்ம ஆளா?' என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அடிபட்டவர்களும் பிழைப்புத் தேடி இந்த ஊரில் படுக்க இடமில்லாமல் கிடந்த ஏழைகள்தாம். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, 'சேட்டை பண்ணினா ராமன் ராகவ் வந்துடுவான்' என்று சாலில் எல்லா வீட்டிலும் மிரட்டுவார்கள். கொன்றவன் பெயர் இப்படிப் பூச்சாண்டியாகவே நிலைத்துவிட்டது. செத்தவர்களில் ஒருவர் பெயரையாவது யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த வழக்கை வைத்து இரண்டு குறிப்பிடத்தக்க படங்கள் வந்திருக்கின்றன. முதலாவது, பின்னாளில் 'அந்தாதுன்' எடுத்துப் புகழ்பெற்ற ஸ்ரீராம் ராகவன் 1991-இல் எடுத்த சிறிய படம். ரகுபீர் யாதவ் ராமனாக நடித்திருக்கிறார். தலைப்பிலேயே கொலையாளியோடு நகரத்தையும் சேர்த்திருந்தார் இயக்குநர். நடிப்பில் ஆர்ப்பாட்டம் கிடையாது. ஒடிசலான, யார் கண்ணிலும் படாத ஒரு மனிதன். இவ்வளவு பெரிய ஊரில் இவனும் தெரியவில்லை, இவனிடம் அடிபட்டவர்களும் தெரியவில்லை என்று நினைக்க வைத்துவிடுகிறது படம்.

இரண்டாவது, அனுராக் காஷ்யப்பின் 'ராமன் ராகவ் 2.0' (2016). கான் விழாவுக்குப் போய்வந்த படம். இது அந்த ராமன் ராகவின் கதை அல்ல என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிட்டு, அவன் பெயரை மட்டும் தலைப்பில் வைத்துக்கொள்கிறார்கள். இதென்னய்யா நியாயம்? நவாஸுதீன் சித்திக்கி ரமன்னாவாக வருகிறார். மனுஷன் அசத்தியிருக்கிறார், சந்தேகமில்லை. தன்னைப் போலவே கொல்லத் துணிந்த போலீஸ் அதிகாரியைத் தன் ஆன்ம ஜோடியாகக் கருதுகிறான் ரமன்னா. ராமனும் ராகவும் சேர்ந்தால்தான் முழுமை என்பது படத்தின் சாமர்த்தியம். இந்தச் சாமர்த்தியத்தில் சாகிறவர்கள் வெறும் எண்ணிக்கையாகிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு இடம் விதிவிலக்கு. ரமன்னா தன் சகோதரி வீட்டுக்குப் போகிறான். கோழிக்கறி கேட்கிறான். அந்தப் பெண்ணின் தவிப்பு, கணவனின் எரிச்சல், குழந்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டுகிறார் இயக்குநர். படத்தில் நம் வயிற்றைப் பிசைவது அந்தப் பகுதிதான். காரணம் ரத்தமல்ல, அவர்களை நாம் கொஞ்சம் பழகிவிட்டோம். பயத்துக்கும் இதுவே வழி என்று தெரிந்த ஒரு இயக்குநர், மற்ற இடங்களில் அதைக் கைவிட்டாரே என்பதுதான் என் குறை.

வேறு விதமாக எடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தென் கொரியாவிலிருந்து ஓர் உதாரணம் சொல்வேன். ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர் கொலைகளை வைத்து, பாங் ஜூன்-ஹோ 2003-இல் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' எடுத்தார். அப்போது கொலையாளி யாரென்றே தெரியாது. அதனால் அவனுக்கு நாற்காலி போடாமல், அகப்பட்டவனை அடித்து ஒப்புக்கொள்ள வைக்கும் போலீஸையும், பயந்து வாழும் ஊரையும் காட்டினார். 2019-இல் டி.என்.ஏ. சோதனை உண்மைக் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது. அந்தக் கொலைகளில் ஒன்றுக்காகச் சுமார் 20 ஆண்டுகள் சிறையில் கிடந்த வேறொருவர், 2020-இல் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். அடித்து வாங்கிய ஒப்புதல் எங்கே கொண்டுபோய் விடும் என்று படம் 17 ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தது. உண்மைக் கொலையைத் தொடும் ஒரு படம் இப்படிக் கொஞ்சம் கைம்மாறு செய்யலாம்.

பிள்ளைகள் இத்தகைய படங்களைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்படியும் போனிலாவது பார்த்துவிடுவார்கள். பார்த்து முடித்ததும், 'அடிபட்டவங்க யாரு, ஏன் வெளியில படுத்திருந்தாங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முடிந்தால் அது நல்ல படம். ராமன் ராகவ் வழக்கில் அந்தப் பதிலைச் சொல்லும் படம் இன்னும் வரவில்லை. நேற்று பக்கத்தில் படுத்தவன் செத்துப்போனது தெரிந்தும், வேறு போக்கிடம் இல்லாமல் இன்று அதே நடைபாதையில் பாயை விரித்த ஒரு குடும்பத்தின் கதையாக அது இருக்க வேண்டும்.