சீட்டுக்கு அடியில் ஒரு காற்று மெஷின்

கற்குவேல் அய்யனார் கோயிலைப் பார்த்துவிட்டுத் தேரிக்குடியிருப்பிலிருந்து திரும்பும் வழியில், நிழல் தேடித் தார்ச் சாலையை விட்டு இரண்டு கார் நீளம்தான் உள்ளே இறக்கினேன். நாலைந்து பனை, அடியில் செக்கச் சிவந்த மணல். கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு முடித்து வண்டியை எடுத்தால், முன்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. மிதிக்க மிதிக்கக் கார் கீழே போனது. தேரி மணல் காற்று கொண்டுவந்து குவித்தது. சன்னமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். சக்கரம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை.

பதநீர்க் குடத்தோடு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “தம்பி, மிதிக்காதீய. மொத டயர்ல காத்த எறக்கி விடுங்க, தானா ஏறிரும்” என்றார்.

வால்வு ஊசியை அழுத்தி இரண்டு முன் டயரையும் 33 பிஎஸ்ஐயிலிருந்து 18-க்கு இறக்கினேன். டயர் அடியில் பரந்து உட்கார்ந்தது. அதே எடை இப்போது அகலமான இடத்தில் பரவுகிறது, அவ்வளவுதான் விஷயம். கையால் மணலைச் சற்று வழித்துவிட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக விட்டேன். கார் ஏறிவிட்டது. ஆனால் 18 பிஎஸ்ஐயோடு திருச்செந்தூர் வரை ஓட்டக் கூடாது. டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, வேகமெடுத்தால் கிழிந்துவிடும். முன்சீட்டுக்கு அடியில் இரண்டு வருடமாகக் கிடந்த காற்று மெஷினின் முழு அருமையும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பஞ்சர் ஆனால் உதவும் என்றுதான் எல்லோரும் இதை வாங்குகிறார்கள். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். இப்போது வேறு மாதிரி சொல்வேன். காலையில் கடற்கரை மணலிலும் மாலையில் நாலாயிரம் அடி மலையிலும் நிற்க முடிகிற மாநிலம் நம்முடையது. அந்த இரண்டுக்கும் நடுவே டயரின் காற்றை நம் விருப்பப்படி ஏற்றவும் இறக்கவும் முடிவது பெரிய சுதந்திரம்.

என்னிடம் இருப்பது காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் வகை. வாங்கியபோது விலை 2,400 ரூபாய். டிபன் பாக்ஸ் அளவு, ஒன்றரைக் கிலோ இருக்கும். வேண்டிய அளவை எண்ணில் வைத்துவிட்டால், அங்கே வந்ததும் தானே நின்றுவிடும். தேரிக்காட்டில் ஒரு டயர் 18-லிருந்து 33-க்கு ஏற நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது. இரண்டாவது டயர் முடியும்போது மெஷினின் உடம்பில் கை வைக்க முடியவில்லை. உள்ளே ஒரே ஒரு சின்ன பிஸ்டன்தான் ஓடுகிறது, அதனால் சூடு இயல்பு. பத்து நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஆற விட வேண்டும். இன்ஜினை ஓட விட்டே போடுங்கள், பேட்டரி இறங்காது. சத்தம் மட்டும் மிக்ஸியில் தேங்காய்ச் சில்லைப் போட்டு அரைப்பது போல. பெரியவரின் குடத்துப் பதநீரில் ஒரு பட்டைக்கு வாங்கிக் குடித்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தோம்.

என் மெஷினில் எனக்குப் பிடிக்காதது வால்வில் மாட்டும் முனை. பித்தளையில் திருகு போட்டுச் செய்திருக்கிறார்கள். காற்று ஏறி முடிந்ததும் அது கொதிக்கிறது. விரல் பொறுக்காமல் மெதுவாகத் திருகிக் கழற்றுவதற்குள் புஸ்ஸென்று ஒன்றிரண்டு பிஎஸ்ஐ வெளியே போய்விடுகிறது. வாங்குகிறவர்கள் நெம்புகோல் வைத்த முனையாகப் பார்த்து வாங்குங்கள், ஒரே தட்டில் கழன்றுவிடும். இன்னொன்று, கடையிலேயே ஒயரை நீட்டிப் பாருங்கள். சாக்கெட்டிலிருந்து பின்சக்கரம் வரை எட்ட வேண்டும். மூன்று மீட்டராவது தேவை.

அளவுமானியையும் அப்படியே நம்ப வேண்டாம். பேனா போன்ற கைமானியோடு ஒப்பிட்டால் என்னுடையது எப்போதும் 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டுகிறது. எப்போதும் அதே 2 என்பதால் நான் 35 வைத்து 33 எடுத்துக்கொள்கிறேன். ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டுகிற மெஷினை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மலைக்குப் போனால் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கீழே விடியற்காலையில் 33 வைத்துக்கொண்டு ஏறினேன். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்துவிட்டு அளந்தால் 36. வளைந்து வளைந்து ஏறியதில் டயர் சூடாகியிருக்கிறது. அந்தச் சூட்டில் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் தொய்ந்து நிற்கும். நான் தொடவில்லை. மறுநாள் வால்பாறைக் குளிரில், வண்டியை எடுப்பதற்கு முன் அளந்தேன்: 33. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி கூட்டிக் காட்ட வேண்டும், குளிரால் குறைத்துக் காட்ட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. ஆகவே மலைக்கென்று தனிக் கணக்கு வேண்டாம். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்ட எண், அதுவும் ஆறிய டயரில் அளந்தது, போதும்.

பஞ்சருக்கு இந்த மெஷின் எப்படி உதவியது என்பதையும் சொல்ல வேண்டும். கொல்லிமலை செம்மேட்டில் தங்கி, காலை ஐந்தரைக்குக் கிளம்பும்போது இடது முன் டயர் 24-ல் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பரின் பள்ளத்தில் ஒரு ஸ்க்ரூவின் தலை பளபளத்தது. டியூப்லெஸ் டயரில் குத்தியதைப் பிடுங்கக் கூடாது. அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். கடை எதுவும் திறந்திருக்கவில்லை. 33-க்கு ஏற்றிக்கொண்டு இறங்கினோம். காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் முன் டயரின் வெளி ஓரம்தான் பாரம் வாங்கும். காற்று குறைந்திருந்தால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. இரண்டு இடத்தில் நிறுத்தி அளந்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்றரை, இரண்டு குறைந்திருந்தது. மறுபடி ஏற்றினேன். மனைவி பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டி வழிவிட்டாள்.

நாமக்கல்லில் லாரி ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே ஒரு பஞ்சர் கடை. அங்கே பதினெட்டு வயது இருக்கும் ஒரு தம்பி, ஸ்க்ரூவைக் குறடால் திருகி எடுத்து, ரப்பர் திரியை ஊசியில் கோத்துக் குத்தி, மிஞ்சியதை பிளேடால் சீவினான். எச்சிலை விரலில் தொட்டு மேலே தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. “காத்து மெசின் கையில இருந்துச்சுங்களா? அப்பத் தப்பிச்சீங்க. இல்லீன்னா அத்தனை வளவு எறங்கறதுக்குள்ள ரிம்மு டயரைத் தின்னுருக்கும்ங்க” என்றான். அடுத்த மேடையில் ஒரு லாரி டிரைவர் கம்பியால் பத்து டயரையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். ஒன்றில் மட்டும் சத்தம் மந்தமாக வந்தது. திரும்பி வந்து அதையே இன்னொரு முறை தட்டினார்.

பேட்டரியில் ஓடும் கையடக்க வகையையும் ஒரு நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். ஒயர் தொல்லை இல்லை. பைக்குக்கு அதுதான் ஏற்றது. ஆனால் காரிலேயே போட்டு வைக்க அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் சூடு லித்தியம் பேட்டரியின் ஆயுளை வேகமாகக் குறைக்கும். ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் எடுத்தால் சார்ஜ் இருக்கிறதா என்பது சந்தேகம். ஒயர் மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை. கார் ஓடினால் அதுவும் ஓடும்.

கடைசியாக அதை எடுத்தது தனுஷ்கோடியில். 1964 புயலில் அழிந்த ஊரைத் தாண்டி, அரிச்சல்முனை வரை தார்ச் சாலை வந்தது 2017-ல். சாலையின் கடைசியில் கடல் இருக்கிறது, காற்று பிடிக்க ஒரு கடை கிடையாது. அங்கே ஒரு பைக்கின் பின்டயர் தரையோடு அமுங்கி நின்றது. கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. ராமேஸ்வரம் வரை தள்ளிக்கொண்டு போக முடியாது. காரைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, 33 வைத்தேன். அதிக நேரம் ஆகவில்லை. பைக் டயர் சின்னது. வால்வைச் சுற்றி உப்பும் மணலும் அப்பியிருந்தன, மூடி இல்லை. என் ஸ்டெப்னியின் வால்வு மூடியைக் கழற்றி அதில் போட்டுவிட்டேன். பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். ராமேஸ்வரம் பஞ்சர் கடை வாசலில் அவர்கள் நிற்கும்போது 27 இருந்தது.