ஆற்றுப்படையும் பரிந்துரையும்: சமூக ஊடகக் கருத்துரைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு பொருளை வாங்குமுன் அதனைப் பயன்படுத்தியவரிடம் கேட்டறிவது நெடுநாள் வழக்கம். அண்டை வீட்டாரும் உறவினரும் சொல்லி வந்ததை இன்று முகமறியாதோர் முகநூலிலும் படவரியிலும் டிக்டாக்கிலும் சொல்கின்றனர். தீபாவளி நெருங்கும் காலத்தில் சேலை, முறுக்கு, முகப்பூச்சு என அனைத்தும் நேரலையில் விற்கப்படுகின்றன. அவற்றின் கீழே கருத்துரைகள் குவிகின்றன. இவற்றை ஆராய்வது வணிகவியலாரின் பணியன்றோ என்னும் வினா எழலாம். ஆயின் தாம் பெற்றதைக் கூறிப் பிறரையும் அவ்வழியே செலுத்தும் இவ்வகைக் கூற்றுக்குத் தமிழில் இலக்கணமே உண்டு. அவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு இன்றைய கருத்துரைகளை மதிப்பிட இக்கட்டுரை முற்படுகின்றது.

ஆற்றுப்படை காட்டும் அளவுகோல்

கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகியோருள் பரிசில் பெற்று மீள்பவர், வழியில் எதிர்ப்பட்ட வறியவருக்குத் தாம் பெற்ற வளத்தைச் சொல்லி, அவரும் சென்று பயனடையுமாறு வழிப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிப்பிடுகின்றது. பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றுள் இறைவனிடம் ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கையும் நோக்குமிடத்து, பரிந்துரைப்பவரின் இயல்புகளாக மூன்றினைக் காணலாம்.

முதலாவது, அவர் தம் பழைய நிலையை மறைப்பதில்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணர், தம் அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் குரைத்ததையும், உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் காண நாணிக் கதவடைத்து உண்டதையும் கூறுகின்றார். இரண்டாவது, பெற்ற பரிசிலை அவர் வெளிப்படையாகச் சொல்கின்றார். பொருநராற்றுப்படையின் பொருநர் கரிகாலனிடம் பெற்ற ஆடையையும் உணவையும் விரித்துரைப்பதோடு, இரவும் பகலும் ஊன் தின்று பற்கள் மழுங்கிப் போனதையும் கூறத் தவறவில்லை. மூன்றாவது, வழியின் இடர்களை அவர் எச்சரிக்கின்றார். நன்னனைப் புகழும் மலைபடுகடாம் பன்றிப் பொறிகள், பாம்புகள், வழுக்கும் பாதைகள், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கற்கள் ஆகியவற்றையும் கூத்தருக்கு எடுத்துரைக்கின்றது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ஆற்றுப்படையும் புரவலனைப் புகழ்ந்து பரிசில் நாடும் இலக்கியமே. அதில் பேசும் பாணர் புலவர் படைத்த மாந்தரே. அவ்வாறாயின் அதுவும் ஒருவகை விளம்பரமன்றோ? இம்மறுப்பில் உண்மை உண்டு. எனினும் அவையோர் அந்த மரபை அறிந்தே கேட்டனர். பரிசில் பெற்றவரின் கூற்று இது என்பது பாடலின் அமைப்பிலேயே வெளிப்பட்டு நின்றது. புகழ்ச்சிக்குக் கைம்மாறு உண்டு என்பதனால் ஏமாற்று நிகழ்வதில்லை. கைம்மாறு மறைக்கப்படும்போதே அது நிகழ்கின்றது.

இன்றைய கருத்துரைகள்

இவ்வளவுகோலின்படி இன்றைய கருத்துரைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். துணியின் நிறம் படத்தில் கண்டதினும் மங்கலாக உள்ளது, முதல் சலவையில் சாயம் போயிற்று, பலகாரப் பெட்டி நொறுங்கி வந்தது, ஆயினும் விற்றவர் மாற்றித் தந்தார் என எழுதும் இல்லத்தரசியின் உரை முதல் வகையினது. எழுத்துப்பிழைகள் மலிந்திருப்பினும் அதில் மலைபடுகடாத்தின் நேர்மை உள்ளது. அருமை, வேற லெவல், நம்பி வாங்கலாம் என்பன போன்றவை இரண்டாம் வகையின. யார், எதனை, எத்தனை நாள் பயன்படுத்தினர் என்பதற்கு இவற்றில் விடையில்லை. முகநூல் 2009-இல் அறிமுகப்படுத்திய விருப்பக்குறி இப்போக்கிற்குத் துணைசெய்தது. காரணம் கூறாமலேயே உடன்பாடு தெரிவிக்க அது வழிவகுத்தது.

சமூக ஊடகப் பிரபலங்களின் பரிந்துரைகளில் சிக்கல் மேலும் கூடுகின்றது. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு, தோழியிடம் பேசுவது போன்ற நடையில் அவர்கள் பேசுகின்றனர். இங்கே பேச்சுத் தமிழின் நெருக்கமே விற்பனைக் கருவியாகின்றது. சிங்கப்பூரின் விளம்பரத் தர ஆணையம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய வணிகத் தொடர்பு வெளிப்படுத்தப்பட வேண்டும் என்றது. அமெரிக்காவில் போலிக் கருத்துரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் 2013-இல் நடைமுறைக்கு வந்த மின்வணிக ஒழுங்குவிதிகள், விற்பவர் தம் பெயரையும் முழு விலையையும் அறிவித்தல் வேண்டும் என்றன. ஆயினும் விலை என்ன என்று கேட்பவருக்குத் தனிச்செய்தியில் வாருங்கள் என்று மறுமொழி தருவது நம் இணையச் சந்தையில் இன்றும் காணும் வழக்கமே.

இதனால் விளையும் கேடு பணத்தோடு நிற்பதில்லை. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் முதலியவை கலந்த முகப்பூச்சுகளின் விற்பனை அனுமதியை மலேசியச் சுகாதார அமைச்சு அவ்வப்போது ரத்துச் செய்து வருகின்றது. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்க வல்லது. இத்தகைய பூச்சுகள் பரவுவதற்கு, பயன்படுத்தியவர் தந்ததாகக் காட்டப்படும் படங்களும் சான்றுரைகளும் துணைபுரிகின்றன. புகழ்பெற்ற நிறுவனம் ஒன்று 2020-இல் தன் முகப்பூச்சின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கியது. ஆயினும் கறுப்பாக இருந்தேன், ஒரே வாரத்தில் மாறிவிட்டேன் என்னும் வாய்பாடு கருத்துரைகளில் தொடர்கின்றது. தம் பழைய நிலையைச் சொல்லும் பாணரின் உத்தி இங்கும் உண்டு. ஆனால் பாணர் தம் வறுமையைச் சொன்னார். இவ்வாய்பாடோ தோலின் நிறத்தையே வறுமையாகக் காட்டுகின்றது. நம் இளம்பெண்கள் இதனை நாள்தோறும் படிக்கின்றனர் என்பது கருதத்தக்கது.

முடிவுரை

தமிழகத்தார் நுகர்வோர் என்று வழங்குவோரை இவ்வட்டாரத்தில் நாம் பயனீட்டாளர் என்கிறோம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969 முதல் ஆற்றிவரும் பணியால் இச்சொல் நம்மிடையே நன்கு வேரூன்றியது. நுகர்வோர் என்பது துய்ப்பதைச் சுட்ட, பயனீட்டாளர் என்பது பயனை ஆராய்ந்து ஈட்டுபவர் என்னும் பொருளையும் தருகின்றது. ஆற்றுப்படையைக் குறிக்கும் தொல்காப்பிய நூற்பாவிலும் பயன் என்னும் சொல்லே பயில்வது எண்ணி மகிழத்தக்கது.

பள்ளிகளிலும் பல்கலைக்கழகத்திலும் ஆற்றுப்படை நூல்களைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்பிப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. ஒரு பொருளைப் பற்றிய கருத்துரையைக் காணும் மாணவர், சொல்பவர் யார், அவர் பெற்றது என்ன, அவர் சொல்லாமல் விட்ட இடர் எது என்னும் மூன்று வினாக்களை எழுப்பப் பழகுதல் வேண்டும். தாமே கருத்துரை எழுதும்போதும் அம்மூன்றிற்கும் விடை தருதல் வேண்டும். திறனாய்வுப் பயிற்சி திறன்பேசித் திரையிலும் பயன்படுமாயின், நாம் கற்பிக்கும் இலக்கியத்திற்கு அதுவும் ஒரு பயனே ஆகும்.