ஆயுள் எண்ணெய்

பென்னாகரத்தில் ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் என் நண்பர். முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். ஒகேனக்கல் மலைப்பாதையில் ஏறி இறங்கியதில், இப்போது கியர் மாறும்போதெல்லாம் ஒரு உதை. 'ஆயிலை வீட்லயே மாத்திடலாமா சார்?' என்று காரின் கையேட்டை நீட்டினார். படித்தேன்.

நூல் சுமார் ரகம். பாட்டு கேட்கப் பக்கம் பக்கமாக விளக்கம். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஒரே வரி: ஆயுளுக்கும் மாற்ற வேண்டாமாம்.

ஜெர்மனியின் இசட்.எஃப். பல சொகுசு கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிறது. கார் விற்பவர்கள் 'லைஃப்டைம்' என்பார்கள். பெட்டியைச் செய்தவர்களோ 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்தில் மாற்று என்கிறார்கள். நான் பெட்டி செய்தவர்கள் கட்சி.

இந்த ஆயில் வெறும் வழுக்கலுக்கு இல்லை. உள்ளே கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதே அதுதான். 1939-ல் ஓல்ட்ஸ்மொபீலின் ஹைட்ராமேட்டிக் வந்ததிலிருந்து இதே கதை. அதற்கு எமன், சூடு. மலை ஏற்றத்தில் சூடு எகிறும்.

அடுத்து 'ஃப்ளஷ்' வீடியோக்கள். கூலர் குழாயைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பழசைப் பீய்ச்சுகிறார்கள். கண்ணுக்கு விருந்து. கொஞ்சம் அசந்தால் பம்ப் காய்ந்து ஓடும். வீட்டுக்கு வடித்து நிரப்புவதே உசிதம். ஒரு தடவையில் பாதிகூட வராது. மிச்சம் டார்க் கன்வர்ட்டரில் ஒளிந்திருக்கும். சில நாள் ஓட்டிவிட்டு இன்னும் ஓரிரு முறை வடிக்க வேண்டும்.

இவர்கள் சொல்லாமல் விடுவது: நிரப்பும் மூடி திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் மூடியைத் தொடவும். வந்ததை அளந்து அதே அளவு ஊற்றவும். சொன்ன சூட்டில், சமதரையில் மட்டம் பார்க்கவும். சி.வி.டி.க்கு அதன் ஆயிலே வேண்டும். 2014-ல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி.யில் இருப்பது சாதா கியர்பாக்ஸ். அதற்கு ஃப்ளஷ்ஷே தேவையில்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகாதீர்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

வாத்தியார், மெக்கானிக் பையன் துணையோடு, மூன்று தடவை வடித்தார். அடிச்சட்டி காந்தத்தில் சாம்பல் பசைதான். அது தேய்மானம், சகஜம். இரும்புச் சில்லு வந்திருந்தால்தான் கவலை. உதை குறைந்திருக்கிறது, போகவில்லை. முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

கையேட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். 'ஆயுளுக்கும்' என்ற சொல்லைச் சிவப்பு மசியில் சுழித்துப் பக்கத்தில் எழுதினார்: 'யாருடைய?'

இதைவிட நல்ல விமர்சனம் என்னால் எழுத முடியாது.