நடைபெறாத தேர்தல்கள்: கல்முனைப் பிரதேச வாக்குரிமை பற்றிய ஒரு நோக்கு

தேர்தல் முறைகேடு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன ஆள்மாறாட்டமும், வாக்களிப்பு நிலைய வாயிலில் நிற்கும் சண்டியரும், இரவோடிரவாக வீசப்படும் மொட்டைத் துண்டுப்பிரசுரமுமே. நமது புனைகதையும் இவற்றையே பெரிதும் கண்டது. கைகூப்பி வரும் அபேட்சகர், போடப்படாத தெரு, ஒரு நாள் விருந்து என அது தேர்தலை அங்கதப் பொருளாக்கிற்று. அதன் சமூகப் பெறுமானத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நடைபெறும் தேர்தலில் நிகழும் களவை மட்டுமே அது காண்கிறது. தேர்தலையே இல்லாதாக்கும் களவு அதன் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. அம்பாறைக் கரையோரத் தமிழ் பேசும் மக்களின், சிறப்பாகக் கல்முனைப் பிரதேச முஸ்லிம்களின், அனுபவம் இந்த இரண்டாவது வகைக் களவையே முதன்மைப்படுத்தி நோக்குமாறு நம்மைத் தூண்டுகின்றது.

1977 யூலை 21இல் நடைபெற்ற பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளைக் கொண்டு 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றது. கல்முனைத் தொகுதியில் அக்கட்சியின் ஏ. ஆர். மன்சூர் தெரிவானார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியது. அம்முறையில் ஒரு பொதுத்தேர்தல் நடைபெறின் ஆறில் ஐந்து பெரும்பான்மை கரைந்துபோகும் என்பது 1982 ஒக்டோபர் சனாதிபதித் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தன பெற்ற 52.9 சதவீதத்தால் தெளிவாயிற்று. தேர்தல் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிடலாம் என அவர் அவ்வாண்டிலேயே பேசியது வெறும் மேடை அலங்காரமன்று. 1982 டிசெம்பர் 22இல், பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டுகள் நீடிப்பதற்குச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்பட்டது.

இவ்வாக்கெடுப்பின் சின்னங்கள் இலக்கிய மாணவருடைய கவனத்துக்குரியன. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். விளக்கு எச்சமயத்தவர்க்கும் மங்கலப் பொருள். குடமோ உடையக்கூடிய வீட்டுப் பாண்டம். இவ்வேறுபாட்டைவிட முக்கியமானது, விளக்கு, குடம் என்ற இரு பெயர்ச்சொற்களும் 'உமது தேர்தலை விட்டுக்கொடுக்கிறீரா' என்ற வினையை மறைத்துவிட்டமையாகும். வாக்கைக் கொண்டே வாக்கைப் பறிக்கும் உபாயத்துக்கு இத்தகைய மொழி இன்றியமையாதது.

அவசரகாலச் சட்டம் அமுலிலிருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகையின் அச்சகம் முத்திரையிடப்பட்டது. 'பவிதி ஹண்ட' என்ற மதகுருமார் அமைப்பின் துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அத்தியட்சர் ஒருவர் கைப்பற்றினார். அது அடிப்படை உரிமை மீறல் என 1983இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நட்டஈட்டை அரசு செலுத்தியதோடு அவ்வதிகாரிக்குப் பதவியுயர்வும் வழங்கியது. ஒரு காகிதத் துண்டுக்கு அரசு எவ்வளவு அஞ்சியது என்பதை இதனினும் நன்கு காட்டும் சான்று அரிது. முடிவில் விளக்குக்கு 54.66 சதவீதம், குடத்துக்கு 45.34 சதவீதம். ஆள்மாறாட்டமும் முகவர்கள் அச்சுறுத்தப்பட்டமையும் தேர்தல் ஆணையாளரின் அறிக்கையிலேயே பதிவாயின. அவ்வறிக்கையோ 1987இல்தான் வெளிவந்தது.

கல்முனை வாக்காளர் அடுத்த பாராளுமன்றத் தேர்தலைக் கண்டது 1989 பெப்ரவரி 15இல், அதாவது பதினொன்றரை ஆண்டுகளின் பின். 1977இல் இடாப்பில் இடம்பெறத் தவறிய பதினெட்டு வயது இளைஞன் முதன்முதலில் தன் பிரதிநிதியைத் தெரிவுசெய்தபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது! இவ்விடைவெளி வெறுமையானதன்று. தொழில் வங்கி முறையின்கீழ் அரசாங்க உத்தியோகப் படிவம் பாராளுமன்ற உறுப்பினர் கையினூடாகவே வந்தது. வயற்கூலியின் மகனும் மருதமுனை நெசவாளியின் மகனும் வாக்கால் தண்டிக்கவியலாத ஒருவரின் கடிதத்துக்குக் காத்திருந்தனர். இது தனிமனிதர் குணம் பற்றிய குற்றச்சாட்டன்று. அமைப்பின் இயல்பைச் சுட்டுவதாகும். 1981இல் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ், 1988 நவம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபையின் கிழக்குக்குரிய 35 ஆசனங்களில் 17ஐ வென்றது. இவ்வெழுச்சிக்கு இனமுரண்பாடு, 1985 ஏப்ரல் காரைதீவுக் கலவரம் முதலியன காரணங்களாகச் சரியாகவே கூறப்படுகின்றன. வாக்கின் வழி அடைபட்டிருந்தமை அக்கணக்கில் அரிதாகவே சேர்க்கப்படுகின்றது.

இங்கு இடதுசாரிகள் சங்கடமான ஓர் உண்மையை எதிர்கொண்டேயாக வேண்டும். 1970இல் தெரிவான பாராளுமன்றம் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பைப் பயன்படுத்தித் தன் ஆயுளை 1977 வரை நீடித்துக்கொண்டது. அதனை நிறைவேற்றிய ஐக்கிய முன்னணியில் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகள். ஜயவர்த்தனவுக்கு முன்னுதாரணம் வேறெங்கிருந்தும் வரவேண்டியிருக்கவில்லை. 'பூர்ஷ்வா ஜனநாயகம்' என்று இகழ்ந்து வாக்குரிமையை அற்பமாகக் கருதிய மனப்போக்கின் விலையை உழைக்கும் மக்களே செலுத்தினர்.

அண்மைக்காலம் இதனை மீண்டும் உறுதிசெய்கின்றது. 2018இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடைபெறவிருந்த தேர்தல் நிதியின்மை என்ற காரணத்தால் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6இல் 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தபோது கல்முனை மாநகர சபை அவற்றுள் இருக்கவில்லை. வழக்கொன்று தடையாக நின்றது. இதன் பின்னணியில் சாய்ந்தமருதின் தனிச்சபைக் கோரிக்கையும், கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் பற்றிய தமிழ் முஸ்லிம் பிணக்கும் உள்ளன. 1987இல் கல்முனைப் பட்டின சபையையும் கரைவாகுக் கிராம சபைகளையும் ஒரே பிரதேச சபையாக இணைத்ததன் எச்சமே முதலாவது பிணக்கு. எல்லை பற்றி வாதிடுவோர் பெரும்பாலும் எல்லாச் சபைகளிலும் செல்வாக்குடைய வர்க்கத்தினர். சபையின்றி இழப்படைவோரோ எல்லைக்கு இருபுறமும் ஒரே வகையினர்.

'தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் எழுவாய் இருந்தும், ஒத்திவைத்தவர் எவர் எனத் தெரிவதில்லை. நமது யதார்த்தவாதப் புனைகதைக்கும் இதுவே இடர்ப்பாடு: நிகழாத ஒன்றுக்குக் காட்சியில்லை, பாத்திரமில்லை. நிகழாமையின் விளைவுகளுக்கோ காட்சியுண்டு. மருதமுனையில் வடிகான் அடைபட்டால் முறையிடச் செல்பவர் காண்பது ஆணையாளரின் அறையை. அங்கு அமர்ந்திருப்பவர் எவருடைய வாக்காலும் வந்தவரல்லர்.